கும்மிடிப்பூண்டியிலிருந்து குரூஸ்: கப்பலைத் தேர்ந்தெடுப்பதன் ஒரு சின்ன வரலாறு

முதல் தடவை குரூஸ் போக நினைக்கிறவங்க கேக்கற கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். எந்தக் கப்பல்? எத்தனை ராத்திரி? ஜன்னல் வெச்ச ரூமா, ஜன்னல் இல்லாத ரூமா? சைவச் சாப்பாடு கிடைக்குமா? வாந்தி வருமா? எந்த மாசம் போனா நல்லது? கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் தம்பி ஒருத்தர் இதே கேள்விகளை வரிசையா எனக்கு அனுப்பியிருந்தார். கல்யாணமாகி அஞ்சு வருஷம் ஆச்சாம். மனைவியையும் அம்மாவையும் கூட்டிக்கிட்டு சென்னையிலிருந்து கப்பல்ல போகணும்னு ஆசை.

பதில் எழுத உட்கார்ந்தபோது, திருவள்ளூர் மாவட்டத்துக்கும் கடல் பயணத்துக்குமான தொடர்பு பற்றி நான் சேர்த்து வைத்திருந்த குறிப்புகளையும் எடுத்துப் பார்த்தேன். இந்த மாவட்டம் தனியாகப் பிரிந்தது 1997-ல்தான். ஆனா இதன் கரையிலிருந்து ஆட்கள் கப்பலேறிய கதை நானூறு வருஷத்துக்கு முந்தையது. அந்தக் கதையில் பெரும்பகுதி நேரம் "எந்தக் கப்பல்?" என்ற கேள்வியே இல்லை. கப்பலைத் தேர்ந்தெடுக்கிற நிலைமை இந்த ஊர் சாதாரண மனிதருக்கு எப்போது வந்தது, யாருக்கு இன்னும் வரவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை. கடைசியில் தம்பிக்கு நான் சொன்ன பதிலும் இருக்கு.

பழவேற்காடு: ஏற்றப்பட்டவர்கள்

பொன்னேரியிலிருந்து கிழக்கே போனால் பழவேற்காடு. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கவும், ஏரியில் படகில் சுற்றவும், பூநாரை பார்க்கவும் போகிற ஊர். டச்சுக்காரர்கள் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டியது 1613-ல். சோழமண்டலக் கரையில் டச்சுக் கம்பெனியின் தலைமையிடமாக 1690 வரை இருந்தது இந்த ஊர்தான். அதற்கப்புறம் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்குப் போனது.

ஏற்றுமதி என்றதும் பழவேற்காட்டுத் துணிதான் எல்லாருக்கும் ஞாபகம் வரும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிருந்து இன்னொன்றும் போனது: மனிதர்கள். பஞ்சமும் போரும் வந்த வருஷங்களில் அடிமை வியாபாரம் பெருகியது. சாப்பாட்டுக்கு வழியில்லாமல் தங்களையோ பிள்ளைகளையோ விற்றவர்கள் உண்டு, பிடித்து விற்கப்பட்டவர்களும் உண்டு. ஆயிரக்கணக்கில் பத்தாவியாவுக்கும், அதாவது இன்றைய ஜகார்த்தாவுக்கும், டச்சுக்காரர்களின் மற்ற ஊர்களுக்கும் கப்பலில் அனுப்பப்பட்டார்கள். ஊருக்குள் டச்சுக் கல்லறைத் தோட்டத்தைத் தொல்லியல் துறை பாதுகாக்கிறது. கல்லில் செதுக்கிய பெயரும் தேதியும் இன்றும் படிக்கக் கிடைக்கும். அங்கிருந்து அனுப்பப்பட்டவர்களுக்கு அப்படிக் கல் எதுவும் கிடையாது.

முகத்துவாரம் ஆழம் குறைவு. அதனால் பெரிய கப்பல்கள் தள்ளி, ஆழ்கடலில்தான் நிற்கும். சின்னப் படகில் ஏற்றிக் கொண்டுபோய்க் கப்பலில் சேர்ப்பார்கள். மதராஸிலும் செயற்கைத் துறைமுகம் வரும்வரை இதே கதைதான். கயிற்றால் தைத்த மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போகணும். கடலில் முதல் முதலாக உடம்பு கலங்குவது கப்பலில் ஏறுவதற்கு முன்னாலேயே நடந்துவிடும்.

ஆவடி: டிக்கெட் இலவசம்

ஆவடி என்றால் இப்போது நமக்கு டாங்கி ஃபேக்டரி. அதற்கு முன்னால் மலாயாவுக்குத் தோட்டத் தொழிலாளர்களை அனுப்புவதற்கான டிப்போ அங்கே இருந்தது. நாகப்பட்டினத்தில் ஒன்று, மதராஸுக்குப் பக்கத்தில் ஆவடியில் ஒன்று. இலங்கைக்குப் போகிறவர்களுக்கு மண்டபம் முகாம்.

இது எப்படி நடந்ததுன்னு சுருக்கமா சொல்றேன். ரப்பர் தோட்டத்திலிருந்து கங்காணி ஒருவர் லைசென்ஸோடு சொந்த ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். சேர்த்தவர்களை டிப்போவுக்குக் கூட்டி வருவார்கள். அங்கே மருத்துவப் பரிசோதனை, அம்மை குத்துதல், சில நாள் தங்கல், சாப்பாடு. அப்புறம் கப்பல். செலவை மலாயாவில் 1907-ல் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்து உருவாக்கிய குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. போகிறவர் கையிலிருந்து டிக்கெட்டுக்குக் காசு கிடையாது.

காசு கொடுக்காத பயணத்தில் கேள்வியும் கிடையாது. எந்தக் கப்பல், எந்தத் தேதி, எந்தத் தோட்டம் என்பதெல்லாம் வேறு யாரோ முடிவு செய்தது. 1922-ல் இந்திய அரசு குடியேற்றச் சட்டம் கொண்டுவந்து இதைக் கொஞ்சம் கட்டுப்படுத்தியது. ரப்பர் விலை விழுந்து கூலி குறைந்த பிறகு, 1938-ல் இந்திய அரசு மலாயாவுக்கு இந்த மாதிரி உதவியோடு ஆள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது.

ரஜூலா: தேர்வு ஆரம்பித்த இடம்

டிப்போ வழியாகப் போகாமல் சொந்தக் காசில் டிக்கெட் எடுத்துப் போனவர்களும் இருந்தார்கள். வட்டிக்கடைக்காரர், மளிகைக்கடைக்காரர், சாப்பாட்டுக் கடை வைத்தவர், குமாஸ்தா, ஏற்கனவே அங்கே போன மாமனைத் தேடிப் போகும் மருமகன். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போன கப்பல்களில் தமிழர்கள் ரொம்ப நாள் பேசிக்கொண்டிருந்த பெயர் 'ரஜூலா'.

பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனிக்காக 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டிய கப்பல் அது. சுமார் 8,500 டன். ஆரம்ப காலத்தில் 5,000-க்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற அதற்கு அனுமதி இருந்தது. இந்த எண்ணை மனசில் வெச்சுக்கங்க. பின்னால் வரப்போகிற குரூஸ் கப்பல், டன் கணக்கில் இதைப்போல் ஐந்து மடங்குக்கும் மேல் பெரியது. அதில் ஏறுவது 2,000 பேருக்கும் குறைவு.

டெக் கிளாஸ் என்றால் ரூம் கிடையாது, கட்டில் கிடையாது. பாய் விரிக்க ஒரு இடம், பக்கத்தில் டிரங்குப் பெட்டி, அவ்வளவுதான். ஆனாலும் இங்கேதான் முதல் தடவையாக நம்ம ஆள் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார். இந்த மாசமா அடுத்த மாசமா? மதராஸில் ஏறுவதா, நாகப்பட்டினத்தில் ஏறுவதா? கையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் டெக்கா, கேபினா?

கேபினா டெக்கா என்பது வெறும் சொகுசு விஷயமாக இல்லை. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இறங்கும்போது காலரா, அம்மை பயத்தால் டெக் பயணிகளைத் தனிமை முகாமுக்கு அனுப்புவார்கள். பினாங்கில் ஜெரெஜாக் தீவு, சிங்கப்பூரில் செயின்ட் ஜான்ஸ் தீவு. கேபின் பயணிகள் பெரும்பாலும் நேராக ஊருக்குள் போய்விடலாம். டிக்கெட்டின் வகுப்பு, இறங்கியதும் நீங்கள் சந்தேகத்துக்குரிய ஆளா மரியாதைக்குரிய ஆளா என்பதையும் சேர்த்தே முடிவு செய்தது.

ரஜூலா உலகப் போரில் சிப்பாய்களை ஏற்றியது, திரும்பி வந்து மறுபடி அதே ரூட்டில் ஓடியது. 1973-ல் இந்தியக் கப்பல் கழகம் வாங்கி 'ரங்கத்' என்று பெயர் வைத்தது. அடுத்த வருஷமே உடைக்கப் போய்விட்டது. அரை நூற்றாண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

சிதம்பரம்: வரிசையின் முடிவு

ரஜூலாவுக்குப் பின்னால் அந்த ரூட்டின் பெரிய கப்பல் 'சிதம்பரம்'. பிரான்சில் 1966-ல் 'பாஸ்டர்' என்ற பெயரில் ஓட ஆரம்பித்த கப்பல். எழுபதுகளின் தொடக்கத்தில் இந்தியக் கப்பல் கழகத்துக்கு வந்தது. ஏசி, நீச்சல் குளம் என்று ரஜூலாவைப் பார்த்தவர்களுக்கு அது வேறு உலகம். சிங்கப்பூரிலிருந்து டேப் ரெக்கார்டரும் சேலையும் வந்து இறங்கிய காலம்.

1985 பிப்ரவரியில் சென்னைக்கு வரும் வழியில், வங்கக் கடலில், அந்தக் கப்பலில் தீப்பிடித்தது. பயணிகள் பலர் இறந்தார்கள். கப்பல் மறுபடி ஓடவில்லை. அதற்குள் விமானம் வந்து கூட்டத்தை எடுத்துக்கொண்டிருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் கடலில் இருப்பதைவிட நாலு மணி நேரம் வானத்தில் இருப்பது யாருக்கும் லாபம்தான். சிங்கப்பூர், மலேசியாவுக்கு வழக்கமாகக் கப்பலில் போகும் காலம் அதோடு மங்கிப்போனது.

பயணம் எப்படி உல்லாசமாச்சு?

விமானம் அட்லாண்டிக் கடலிலும் இதையேதான் செய்தது. ஆனால் அங்கே கப்பல் கம்பெனிகளிடம் வேறொரு யோசனை ஏற்கனவே இருந்தது. ஜெர்மனியில் ஹாம்பர்க்-அமெரிக்கா கம்பெனியின் ஆல்பர்ட் பாலின், குளிர்காலத்தில் அட்லாண்டிக்கைக் கடக்க ஆள் வராமல் கப்பல் சும்மா நிற்பதைப் பார்த்து, 1891-ல் ஒரு கப்பலை மத்தியதரைக் கடலுக்குச் சுற்றுலாவாக அனுப்பினார். உல்லாசப் பயணத்துக்கென்றே கட்டிய முதல் கப்பலும் அவர் காலத்தில்தான், 1900-ல் வந்தது. எங்கேயோ போய்ச் சேர்வதற்காக இல்லாமல், கப்பலில் இருப்பதற்காகவே கப்பலேறுவது என்ற பழக்கம் அப்படி ஆரம்பித்தது.

விமானம் வந்தபிறகு அந்தப் பழக்கமே தொழிலாக ஆனது. 1990-ல் ராயல் கரீபியன் கம்பெனிக்காக பிரான்சின் செயின்ட் நசேர் கப்பல் கட்டும் தளத்தில் 'நோர்டிக் எம்ப்ரஸ்' கட்டப்பட்டது. சுமார் 48,500 டன். மியாமியிலிருந்து பஹாமாஸ் தீவுகளுக்கு மூணு, நாலு ராத்திரிப் பயணங்களுக்கென்றே கட்டியது. அதாவது, நீண்ட பயணத்துக்குக் காசும் லீவும் இல்லாதவர்களை, முதல் தடவை போகிறவர்களை, மனசில் வைத்துக் கட்டிய கப்பல்.

கைமாறிக் கைமாறி 2020 கடைசியில் அது கோர்டீலியா குரூஸ் என்ற இந்தியக் கம்பெனிக்கு வந்தது. பெயர் 'எம்ப்ரஸ்'. 2021 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஓட ஆரம்பித்தது. 2022 ஜூன் 4-ஆம் தேதி முதல்வர் மு.க. ஸ்டாலின் சென்னைத் துறைமுகத்தில் கொடியசைத்து அனுப்பி வைத்தார்.

ஜூன் மாசம் ஏன் சென்னை? தென்மேற்குப் பருவமழையில் அரபிக்கடல் கொந்தளிக்கும். மேற்குக் கரையில் அந்த மாசங்களில் உல்லாசக் கப்பல் ஓட்டுவது கஷ்டம். கிழக்குக் கரை அப்போது ஓரளவு அமைதி. பாலின் குளிர்காலத்தில் செய்ததை இவர்கள் மழைக்காலத்தில் செய்தார்கள். 2023 ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்கும் போனது. அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை. பல வருஷப் போரைப் பார்த்த காங்கேசன்துறையில் சுற்றுலாப் பயணிகள் செல்ஃபி எடுத்துக்கொண்டு இறங்கினார்கள்.

கும்மிடிப்பூண்டியின் இன்னொரு கரை

இங்கேதான் நான் தம்பிக்கு எழுதிய பதில் கொஞ்சம் நீண்டுபோனது. காரணம், அவர் கூட வேலை பார்க்கும் நண்பர். ஒரே ஷிஃப்ட், ஒரே கம்பெனி பஸ். அந்த நண்பர் கும்மிடிப்பூண்டி முகாமில் பிறந்தவர். இரண்டு குடும்பமும் சேர்ந்து போகலாம் என்பதுதான் பிளான்.

1983 முதல் இலங்கையிலிருந்து மூன்று லட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் கடல் தாண்டித் தமிழ்நாட்டுக்கு வந்தார்கள். மன்னார்ப் பக்கத்திலிருந்து ராத்திரியில் ஃபைபர் படகில் ஏறுவது, ராமேஸ்வரம் பக்கம் இறங்குவது. சில சமயம் படகுக்காரர்கள் நடுக்கடல் மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். மீனவர்களோ கடற்படையோ வந்து பார்க்கும்வரை குழந்தைகளோடு அங்கேயே நிற்கணும். அப்புறம் மண்டபம் முகாம். ஆமாம், முன்னால் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பிய அதே மண்டபம். அங்கிருந்து மாவட்டம் மாவட்டமாகப் பிரித்து அனுப்பினார்கள். கும்மிடிப்பூண்டி முகாம் அப்படி உருவான பெரிய முகாம்களில் ஒன்று. 2021-ல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கு 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று பெயர் மாற்றியது. அப்போது மாநிலம் முழுக்க நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் சுமார் 58,000 பேர் இருந்தார்கள்.

இந்த முகாமில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போய், சிப்காட்டில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிறையப் பேர். இந்தியாவில் பிறந்தால் இந்தியக் குடியுரிமை என்ற விதி 1987 ஜூலை 1-ஆம் தேதியோடு மாறியது. அதற்குப் பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்கணும். தம்பியின் நண்பருக்கு அப்படி இல்லை. அதனால் இந்தியப் பாஸ்போர்ட் இல்லை.

ஆக, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகிற இரண்டு பேரில் ஒருவர் திருகோணமலைக்கு உல்லாசப் பயணம் போய்த் திரும்பலாம். இன்னொருவருக்கு அது அப்பா அம்மா ஊர். அவர் அங்கே போவதென்றால் இரண்டு அரசாங்கத்தின் காகிதம் வேணும். போனால் மூணாவது நாள் வேலைக்குத் திரும்பி வரலாம் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. பழவேற்காட்டில் போனவர்களுக்குத் திரும்பும் வழி கிடையாது. ஆவடியில் ஏறியவர்களுக்கு இருந்தது, ஆனால் எல்லாராலும் திரும்ப முடியவில்லை. ரஜூலாவில் சொந்தக் காசில் போனவர் ரிட்டர்ன் டிக்கெட் பற்றி யோசிக்கலாம். என் குறிப்புகளைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, கப்பல் பயணத்தில் முதல் கேள்வி இதுதான் என்று தோன்றியது: கூட வருகிற எல்லாரும் இதில் போய்த் திரும்ப முடியுமா?

சரி, எதைத் தேர்ந்தெடுக்கிறது?

தம்பிக்கு நான் சொன்னதை அப்படியே தர்றேன். முதல் தடவை போகிற யாருக்கும் உதவும்.

முதலில் ரூட். கப்பலின் படத்தைப் பார்த்து முடிவு பண்ணாதீங்க. கூட வருகிறவர்கள் கையில் என்ன அடையாள ஆவணம் இருக்குன்னு பாருங்க. வெளிநாட்டுத் துறைமுகம் இருந்தால் பாஸ்போர்ட் வேணும். உள்நாட்டு ரூட்டுக்கும் என்ன கார்டு ஏற்றுக்கொள்வார்கள் என்று காசு கட்டுவதற்கு முன்னால் எழுத்தில் கேட்டு வாங்குங்க. நண்பர் குடும்பமும் வரணும்னா இலங்கை ரூட்டை விட்டுடுங்க.

இரண்டாவது, எத்தனை ராத்திரி. இரண்டு, மூணு போதும். உடம்புக்கு ஒத்துக்குதா என்று தெரியாமல் அஞ்சு நாள் எடுக்க வேண்டாம்.

மூணாவது, மாசம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் காலம். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது இந்தக் கடலில் வந்த புயல்தான். நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, பருவமழை காரணமாகச் சில நாளிலேயே நின்று, அடுத்த ஆகஸ்டில்தான் மறுபடி ஓடியது.

நாலாவது, ரூம். கப்பல் அலையில் முன்னும் பின்னும் ஏறி இறங்கும்போது நடுப்பகுதி குறைவாக ஆடும். மேல் தளத்தைவிடக் கீழ்த் தளம் குறைவாக ஆடும். பஸ்ஸில் பின் சீட்டைவிட நடு சீட்டில் தூக்கிப் போடுவது குறைவு, அதே கணக்கு. அம்மாவுக்கு நடுவில், கீழ்த் தளத்தில், லிஃப்ட் பக்கமா கேளுங்க. பால்கனிக்குக் கூடுதல் பணம் கொடுப்பது உங்க விருப்பம். பகல் முழுக்க மேல் தளத்தில் எல்லாருக்கும் ஒரே கடல்தான். ரஜூலா காலம் போல, உள் ரூம் எடுத்தவரைத் தனித் தீவில் இறக்கிவிட மாட்டார்கள்.

அஞ்சாவது, விலை. விளம்பரத்தில் போட்ட தொகை கடைசித் தொகை இல்லை. துறைமுகக் கட்டணம், ஜிஎஸ்டி, டிப்ஸ், கரையில் சுற்றிப் பார்க்கும் செலவு, குளிர்பானம், வைஃபை எதெல்லாம் சேர்த்தி, எதெல்லாம் தனி என்று ஒவ்வொன்றாகக் கேளுங்க. கேசினோ இருக்கும். பக்கத்தில் போகாமலும் பயணத்தை ரசிக்கலாம்.

ஆறாவது, அட்டவணையில் இருக்கும் எல்லா ஊரிலும் கப்பல் நிற்கும் என்று நம்பி எதையும் முன்பதிவு செய்யாதீங்க. 2022 ஜூனில் புதுச்சேரியில் நிற்பதாக இருந்த இதே கப்பலுக்கு அங்கே அனுமதி கிடைக்கவில்லை. வானிலையாலும் ஊர் விட்டுப்போகும்.

கடைசியா ஒரு மாற்று வழி. உல்லாசம் முக்கியமில்லை, கடலில் இருந்து பார்க்கணும் என்பதுதான் ஆசை என்றால், சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுப் பயணிகள் கப்பல் போகிறது. சுமார் மூணு நாள். பங்க் கிளாஸ் முதல் டீலக்ஸ் கேபின் வரை உண்டு. ஆட்டம் பாட்டம் கிடையாது, நேரம் முன்ன பின்ன ஆகும். பழைய சிங்கப்பூர்க் கப்பலின் வாசனை இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கும் இடம் என்றால் அதுதான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இப்போது எண்ணூரில் காமராஜர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் இருக்கின்றன. நிலக்கரி, கார், கன்டெய்னர் எல்லாம் கப்பலேறுகிறது. மனிதர்கள் ஏற சென்னைக்குத்தான் போகணும். கும்மிடிப்பூண்டியிலிருந்து லோக்கல் ட்ரெயினில் முக்கால் நூறு நிமிஷம் ஆனாலும் பரவாயில்லை, புறப்படும் நாளில் சீக்கிரம் கிளம்புங்க. பெட்டிச் சோதனை, இமிக்ரேஷன் எல்லாம் விமான நிலையம் மாதிரி நேரம் எடுக்கும்.

தம்பி கடைசியில் இலங்கை போகாத இரண்டு ராத்திரிப் பயணத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நண்பரின் அடையாள அட்டையை ஏற்பார்களா என்று கேட்டு மெயில் போட்டிருக்கிறார். பதில் வந்தபிறகுதான் பணம் கட்டுவாராம்.

உங்க வீட்டில் ரஜூலாவிலோ சிதம்பரத்திலோ வந்த பெரியவங்க இருந்தால், எந்த வகுப்பில் வந்தாங்க, யார் டிக்கெட் எடுத்தது, என்ன சாப்பிட்டாங்கன்னு கேட்டு எழுதி வைங்க. ஆவடி டிப்போ வழியாகப் போன குடும்பம் யாராவது இருந்தால் அவசியம் எனக்குச் சொல்லுங்க. அந்தப் பக்கத்துக் குறிப்புகள்தான் என்னிடம் ரொம்பக் குறைவு.